ஊட்டுக் குழாய் வழியே மருந்து: கிடங்கு முதல் படுக்கை வரை

விழுங்கும் ஆற்றலை இழந்த நோயாளிக்கு மூக்கின் வழியே இரைப்பை வரை மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, அதன் மூலம் உணவூட்டுவதை மருத்துவமனைக்குச் சென்று வந்த பலரும் கண்டிருப்பர். பக்கவாதத்தால் தாக்குண்டவர், தலைக்காயத்தால் நினைவிழந்தவர், வாய்ப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்றவர், மூளையுறைக் காசநோயால் மயங்கிக் கிடப்பவர், உறிஞ்சிக் குடிக்க இயலாத குறைமாதக் குழந்தை ஆகிய அனைவருக்கும் இக்குழாயே வாயாக அமைகிறது. நம் நாட்டு வார்டுகளில் ‘ரைல்ஸ் டியூப்’ என்ற பெயரால்தான் இது வழங்குகிறது. பிரிட்டிஷ் மருத்துவரான ஜான் ஆல்ஃபிரட் ரைல் 1920-களின் தொடக்கத்தில் இரைப்பைச் சுரப்பை வெளியே எடுத்து ஆராய்வதற்காக இதைக் கையாண்டார். வெளியே எடுப்பதற்கென வந்த கருவி, காலப்போக்கில் உள்ளே செலுத்துவதற்கான வழியாயிற்று.

இக்குழாய் வழியே செல்லும் உணவைப் பற்றி மருத்துவமனைகளில் ஓரளவு திட்டமிடல் உண்டு. எத்தனை மில்லி லிட்டர், எத்தனை மணிக்கு ஒரு முறை, எவ்வளவு புரதம் என்பதை உணவியல் நிபுணர் குறித்துக் கொடுக்கிறார். அதே குழாயில் செல்லும் மருந்தின் நிலைமை வேறு. மருத்துவர் மாத்திரையின் பெயரையும் அளவையும் எழுதுகிறார். அம்மாத்திரை வாயால் விழுங்குவதற்கென்று தயாரிக்கப்பட்டது. அதைப் பொடித்து, நீரில் கலக்கி, குழாயினுள் செலுத்தும் பொறுப்பு செவிலியரிடமோ, பல நேரங்களில் படுக்கையருகே அமர்ந்திருக்கும் உறவினரிடமோ வந்து சேருகிறது. எழுதியவருக்கும் செலுத்துபவருக்கும் இடையில், ‘இம்மருந்து குழாய்க்கு ஏற்றதுதானா?’ என்று கேட்க வேண்டிய ஒருவர் இருப்பதில்லை. இந்த இடைவெளியால் விளையும் தீங்குகள் சிறியன அல்ல. அவற்றுள் பெரும்பகுதியைக் குறைந்த செலவில் தவிர்க்கவும் முடியும்.

மூன்று பகுதிகளின் நடுவே ஒரு மருத்துவமனை

மும்பை மாநகரின் சயான் பகுதியில் உள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனையை மக்கள் சயான் மருத்துவமனை என்றே அழைக்கின்றனர். 1947-ல், போர்க்காலத்தில் எழுப்பப்பட்ட கொட்டகைகளில் 50 படுக்கைகளுடன் அது தொடங்கியது. 1964-ல் மருத்துவக் கல்லூரி அதனுடன் இணைந்தது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட நிறுவனமாக அது வளர்ந்துள்ளது. அதன் மேற்கே தாராவி, தெற்கே மாதுங்கா, கிழக்கே செம்பூர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து குடியேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் தாராவியில் பெருந்தொகையாக வாழ்கின்றனர். மாதுங்காவும் செம்பூரும் அலுவலகப் பணிகளுக்கு வந்த நடுத்தர வகுப்புத் தமிழ்க் குடும்பங்களின் இருப்பிடங்களாக வளர்ந்தவை. புறநகர் ரயில் பாதைகளும் பெருவழிச் சாலைகளும் அருகிருப்பதால் விபத்தில் தலைக்காயமுற்றோர் இங்குப் பெருமளவில் கொண்டுவரப்படுகின்றனர். இத்தகைய பெரும் பொது மருத்துவமனையின் எந்த மருத்துவ வார்டிலும் மூக்குக் குழாயுடன் சிலரேனும் எந்நாளும் இருப்பர்.

இம்மருத்துவமனையைச் சுட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் அவர்களின் முயற்சியால் இங்குதான் நிறுவப்பட்டது. குறைமாதக் குழந்தைகளின் குழாயினுள் எது செல்ல வேண்டும் என்ற கேள்வியை எழுப்பி, விலையுயர்ந்த இயந்திரங்களை நம்பாமல், சேகரிப்பு, சூடுபடுத்திக் கிருமிநீக்கல், பதிவு ஆகிய ஒழுங்குகளால் அதற்கு விடை கண்டது அம்முயற்சி. பாலுக்குச் செய்ய முடிந்ததை மருந்துக்கும் செய்ய முடியும் என்று எண்ணுவதற்கு இது இடமளிக்கிறது.

மாத்திரை என்பது வெறும் பொடியன்று

மாத்திரையைப் பொடித்தால் அதே மருந்து பொடியாகக் கிடைக்கிறது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. பல மாத்திரைகளைப் பொறுத்தவரை இது சரியே. ஆனால் நவீன மருந்துத் தயாரிப்பில் மாத்திரையின் கட்டமைப்பே சிகிச்சையின் ஒரு பகுதி. இரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின் மாத்திரையில், மருந்து பல மணி நேரம் சிறிது சிறிதாக வெளிவரும்படி அமைக்கப்பட்ட வகை உண்டு. அதைக் கல்வத்தில் இட்டு அரைத்தால் நாள் முழுவதற்குமான அளவு ஒரே வேளையில் உடலில் சேருகிறது. அழுத்தம் திடீரெனச் சரிந்து, ஏற்கெனவே பக்கவாதமுற்ற மூளைக்கு இரத்தம் செல்வது மேலும் குறையக்கூடும். புற்றுநோய் வலிக்குத் தரப்படும் நீடித்து வெளியிடும் மார்ஃபின் மாத்திரையைப் பொடித்தால் மூச்சே அடங்கும் அபாயம் உண்டு.

அமிலத்திலிருந்து காக்கும் பூச்சுள்ள மாத்திரைகளின் நிலை இதற்கு மாறானது. பாண்டோபிரசோல் இரைப்பை அமிலத்தில் அழிந்துவிடும். ஆகவே குடலை அடைந்த பின்னரே கரையும் பூச்சு அதற்கு இடப்படுகிறது. பொடித்தால் பூச்சு சிதைகிறது. மருந்து இரைப்பையிலேயே பயனற்றுப் போகிறது. பூச்சின் துணுக்குகள் குழாயை அடைக்கின்றன. நோயாளிக்கு மருந்து கொடுக்கப்பட்டதாகப் பதிவேட்டில் இருக்கும். உடலுக்கு அது கிடைத்திராது. இரைப்பையைக் கடந்து சிறுகுடல் வரை செல்லும் குழாயாக இருப்பின் கணக்கு மீண்டும் மாறுகிறது. குழாயின் நுனி எங்கே உள்ளது என்பதை அறியாமல் மருந்தைத் தீர்மானிக்க இயலாது.

நுனி இருக்குமிடம் பற்றி இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஊசிக் குழலால் காற்றைச் செலுத்தி, வயிற்றின் மீது ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஓசை கேட்டு, குழாய் இரைப்பையில் இருப்பதாக முடிவு செய்யும் வழக்கம் இன்றும் பல இடங்களில் காணப்படுகிறது. நுனி நுரையீரலில் இருந்தாலும் அதே போன்ற ஓசை கேட்கக்கூடும் என்பதால், பிரிட்டனின் நோயாளிப் பாதுகாப்பு அமைப்பு 2005-லேயே இம்முறையைக் கைவிடும்படி அறிவுறுத்தியது. குழாயிலிருந்து எடுக்கும் திரவத்தின் அமிலத்தன்மையைச் சோதனைத் தாளால் அறிவதும் (பி.எச். அளவு 5.5 அல்லது அதற்குக் குறைவாக இருத்தல் வேண்டும்), ஐயம் எழுந்தால் எக்ஸ்ரே எடுப்பதுமே ஏற்கப்பட்ட வழிகள். சோதனைத் தாளின் விலையோடு ஒப்பிட்டால், நுரையீரலுக்குள் கஞ்சி சென்றதனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழியும் ஒரு நாளின் செலவு பன்மடங்கு.

உணவும் மருந்தும் ஒரே வழியில்

வாயால் உண்பவர் உணவையும் மருந்தையும் தனித்தனியே உட்கொள்கிறார். குழாய் நோயாளிக்கு இரண்டும் ஒரே குறுகிய வழியில் ஒன்றையொன்று தொட்டுச் செல்கின்றன. இதன் விளைவை விளக்க வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயின் சிறந்த சான்று. தலைக்காயமுற்றோருக்கு வலிப்பு வராமல் காக்க நம் மருத்துவமனைகளில் மிகுதியாகத் தரப்படும் மருந்து இது. குழாய் உணவுடன் சேரும்போது இது உடலில் ஏறும் அளவு வெகுவாகக் குறைகிறது என்பது 1982-ல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்த ஆய்விலேயே கண்டறியப்பட்டது. மருந்துக்கு முன்னும் பின்னும் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் உணவை நிறுத்தி வைத்தல் என்பது பொதுவாகக் கூறப்படும் தீர்வு. இரண்டு மணிக்கு ஒரு முறை 200 மில்லி லிட்டர் உணவு என்ற வழக்கமான வார்டு அட்டவணையில் அந்த இடைவெளிக்கு இடம் எங்கே? இரவு உணவு முடிந்து பின்னிரவில் தரும்படி வேளையை மாற்றினால் இடம் கிடைக்கும். ஆனால் அம்மாற்றத்தைச் செய்ய, மருந்துச் சீட்டையும் உணவு அட்டவணையையும் ஒருவரே ஒருங்கே வைத்துப் பார்த்தாக வேண்டும்.

காசநோய் மருந்துகளில் இதன் பொருள் மேலும் ஆழமானது. மும்பை மருந்துக்கு அடங்காத காசநோயின் சுமையைத் தாங்கி நிற்கும் நகரம். 2017 முதல் நாட்டின் காசநோய்த் திட்டம் நாள்தோறும் மருந்து தரும் முறைக்கு மாறியது. ஐசோநியாசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைராசினமைடு 400, எதாம்பியூட்டால் 275 மில்லிகிராம் ஆகிய நான்கும் அடங்கிய ஒரே மாத்திரை பெரியவர்களுக்கு வழங்கப்படுகிறது. இவற்றுள் ரிஃபாம்பிசின் வெறும் வயிற்றில்தான் நன்கு ஏறும். மேலும், இரைப்பை அமிலத்தில் ஐசோநியாசிட்டுடன் சேர்ந்திருக்கும்போது அது விரைவாகச் சிதைகிறது. மூளையுறைக் காசநோயாளிக்கு இம்மாத்திரைகளைப் பொடித்துக் கஞ்சியோடு செலுத்தினால் இரத்தத்தில் மருந்தின் அளவு குறைவாகவே இருக்கும். குறைந்த அளவு மருந்துக்குக் கிருமி பழகிக்கொள்ளும் என்பது காசநோய் ஒழிப்பின் அரிச்சுவடி. மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் அரசு பெருந்தொகை செலவிடும் ஒரு திட்டத்தில், இறுதி ஒரு மீட்டர் நீளக் குழாயில் பயன் கசிந்து போவதைத் திட்ட நிர்வாகிகள் அலட்சியப்படுத்த இயலாது. குழந்தைகளுக்கென இத்திட்டம் நீரில் எளிதில் சிதறும் மாத்திரைகளை வழங்குகிறது. குழாய்க்கு ஏற்ற வடிவில் மாத்திரை செய்வது இயலாத காரியமன்று என்பதற்கு அதுவே சான்று.

திரவ மருந்துக்கு மாறிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று கருதுவதும் தவறு. பல சிரப்புகளில் இனிப்புக்காகச் சார்பிட்டால் சேர்க்கப்படுகிறது. நாளில் பல சிரப்புகள் சேரும்போது அது வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பழி உணவின் மீது விழும். உணவு நிறுத்தப்படும். நோயாளி மேலும் மெலிவார். அமிலத்தன்மை மிக்க சிரப்புகள் பாலைத் திரியச் செய்து குழாயை அடைக்கின்றன. ஃபெனிட்டாயின் திரவம் அடியில் படியும் தன்மையது. நன்கு குலுக்காமல் தந்தால் முதல் நாள்களில் குறைவாகவும் புட்டியின் கடைசியில் மிகையாகவும் மருந்து சேரும். அன்றியும் 100 மில்லிகிராம் ஃபெனிட்டாயின் சோடியம் மாத்திரையில் உள்ள ஃபெனிட்டாயின் ஏறத்தாழ 92 மில்லிகிராம்தான். திரவத்திலோ எழுதிய அளவு முழுவதும் ஃபெனிட்டாயின். வடிவத்தை மாற்றும்போது அளவையும் மறுபடி கணக்கிட வேண்டும்.

இங்கே நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் உள்ளது. மேனாட்டு நூல்கள் தொழிற்சாலையில் தயாரான, எப்போதும் ஒரே தன்மையுள்ள திரவ உணவை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. நம் பொது மருத்துவமனைகளில் குழாயில் செல்வதோ சமையற்கூடத்து உணவு: பால், பருப்புத் தண்ணீர், கேழ்வரகுக் கஞ்சி, முட்டை, வாழைப்பழம், சர்க்கரை. அதன் கெட்டித்தன்மை நாளுக்கு நாள் மாறும். எந்த மருந்து கேழ்வரகுக் கஞ்சியோடு சேர்ந்தால் கட்டியாகும் என்பதை மேனாட்டுக் கைந்நூல் சொல்லாது. அதை இங்கேயே சோதித்து அறிதல் வேண்டும். அதற்கான ஆய்வுக்கூடங்கள் சயானிலிருந்து வெகுதொலைவில் இல்லை. 1933-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தொடங்கி இன்று தனிப் பல்கலைக்கழகமாக விளங்கும் இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் மாதுங்காவில் உள்ளது. மருந்துத் தயாரிப்பு அங்குக் கற்பிக்கப்படுகிறது. செம்பூரிலும் மருந்தியல் கல்லூரி உண்டு. ஒரு வார்டில் வழக்கமாகப் பொடிக்கப்படும் இருபது மருந்துகளையும் அம்மருத்துவமனைச் சமையற்கூடத்தின் மூன்று வகைக் கஞ்சிகளையும் எடுத்துக்கொண்டு, 14 எண் குழாயில் எது செல்கிறது, எது அடைக்கிறது என்று பார்ப்பது பட்டப்படிப்பு மாணவர் குழு ஒன்று ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய பணி. நோயாளியின் உடலில் எதையும் செய்து பார்க்க வேண்டியதில்லை. இத்தகைய எளிய ஆய்வுகளுக்கு நம் கல்லூரிகள் போதிய மதிப்பு அளிப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

கல்வத்தில் கழியும் நேரம்

சரியான முறை எது என்பதில் கருத்து வேறுபாடு அதிகமில்லை. உணவை நிறுத்த வேண்டும். 15 முதல் 30 மில்லி லிட்டர் நீரால் குழாயை அலச வேண்டும். ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே மாவாகப் பொடித்து நீரில் கலக்கிச் செலுத்த வேண்டும். இரண்டு மருந்துகளுக்கு இடையிலும் சிறிது நீர் விட வேண்டும். இறுதியில் மீண்டும் அலச வேண்டும். குழந்தைகளுக்கும், நீர் கட்டுப்படுத்தப்பட்ட சிறுநீரக, இருதய நோயாளிகளுக்கும் நீரின் அளவைக் குறைத்து, அதையும் நாளின் நீர்க் கணக்கில் சேர்க்க வேண்டும். மருந்தை நேரே உணவுப் பையிலோ கஞ்சியிலோ கலத்தல் கூடாது.

இம்முறை தெரிந்தும் கைக்கொள்ளப்படாததற்குக் காரணம் கவனக்குறைவு மட்டும்தானா? ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நோயாளிக்கு ஏழு மருந்துகள், நாளொன்றுக்கு மொத்தம் 14 வேளைகள் என்று கொள்வோம். ஒவ்வொன்றையும் முறைப்படி செலுத்த ஐந்து நிமிடம் எனில் 70 நிமிடம். வார்டில் இத்தகையோர் ஆறு பேர் எனில் 420 நிமிடம், அதாவது ஏழு மணி நேரம். ஏறத்தாழ ஒரு செவிலியரின் முழுப் பணி நேரம் இது. எல்லா மாத்திரைகளையும் ஒரே கல்வத்தில் இட்டு அரைத்து மூன்று வேளையாகச் செலுத்தினால், வேளைக்கு எட்டு நிமிடம் என்று கொண்டாலும் ஆறு பேருக்கும் சேர்த்து 144 நிமிடத்தில் வேலை முடிகிறது. நேரமே பற்றாக்குறையான ஓரிடத்தில் இரண்டாவது வழி தேர்ந்தெடுக்கப்படுவதில் வியப்பில்லை. செவிலியருக்கு மேலும் ஒரு பயிற்சி வகுப்பும் சுவரில் மேலும் ஓர் அறிவிப்பும் இந்தக் கணக்கை மாற்றிவிடா.

கணக்கை மாற்றக்கூடியது மருந்துகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. மருந்தாளுநர் ஒருவர் சீட்டைப் பரிசீலித்து, தேவையற்றதை நிறுத்தவும், நாளில் மூன்று வேளை தருவதற்குப் பதில் ஒரு வேளை தரத்தக்க மாற்று மருந்தை எழுதவும் மருத்துவருக்குப் பரிந்துரைத்து, 14 வேளைகள் ஒன்பதாகக் குறையுமானால், முறைப்படி செய்தாலும் ஆறு பேருக்கு நான்கரை மணி நேரமே ஆகும். சரியான முறைக்கான நேரம் இவ்வாறுதான் கிடைக்கும்.

நெதர்லாந்து நாட்டில் இவ்வழி சோதித்துப் பார்க்கப்பட்டது. மருந்தாளுநர் பணியாளர்கள் வார்டுக்கு நாள்தோறும் செல்லுதல், பொடிக்கக் கூடாத மருந்தின் உறை மீதே எச்சரிக்கைக் குறி இடுதல், செவிலியருக்குப் பயிற்சி ஆகியவற்றை இணைத்த ஏற்பாட்டால் குழாய் வழி மருந்தளிப்பதில் தவறுகள் குறைந்தன என்று 2006-ல் வெளியான ஆய்வு காட்டியது. பிரிட்டனில் குழாய் வழி மருந்தளிப்புக்கென்றே தனிக் கைந்நூல் 2007-ல் வெளிவந்தது. நம் நாட்டில் மருந்தியல் முனைவர் படிப்பு 2008-ல் தொடங்கப்பட்டு, வார்டுப் பயிற்சி பெற்றவர்கள் ஆண்டுதோறும் வெளிவருகின்றனர். ஆயினும் பொது மருத்துவமனைகளில் மருந்தாளுநர் பணியிடங்கள் பெரும்பாலும் கிடங்கையும் மருந்து வழங்கும் சாளரத்தையும் சார்ந்தே உள்ளன. படித்தவர் இருக்கிறார், பணியிடம் இல்லை. மனிதவளத் திட்டமிடுதலில் அடிக்கடி காணும் பொருத்தமின்மை இது.

ஊசிக் குழலும் தவறான இணைப்பும்

குழாய்க்கென்று அளந்த திரவ மருந்து தவறுதலாக நரம்பு வழிக் குழாயில் ஏற்றப்படுவது அரிதாக நிகழ்வது. நிகழ்ந்தால் உயிருக்கே உலை வைப்பது. வாய்வழி மருந்தையும் சாதாரண ஊசிக் குழலிலேயே அளப்பதால், அதன் முனை நரம்புக் குழாயின் வாயிலும் பொருந்திவிடுகிறது. இரவுப் பணியில், மங்கிய ஒளியில், படுக்கையைச் சுற்றி நான்கைந்து குழாய்கள் தொங்கும்போது கை தவறுவதற்கு வாய்ப்பு உண்டு. அமெரிக்க மருத்துவமனைத் தர அமைப்பு 2006 ஏப்ரலில் குழாய் இணைப்புத் தவறுகள் பற்றித் தனி எச்சரிக்கை விடுத்தது. ஊட்டுக் குழாயின் வாய் வேறெந்தக் குழாயிலும் பொருந்தாதபடி வடிவமைக்கும் ஐ.எஸ்.ஓ. 80369-3 என்ற பன்னாட்டுத் தரம் 2016-ல் வெளிவந்தது. மனிதரின் கவனத்தை நம்பாமல் கருவியின் வடிவத்தையே காவலாக்கும் வழி இது.

நம் நாட்டில் பழைய வாயுள்ள ரைல்ஸ் குழாய்களே இன்னும் பரவலாகப் பயன்படுகின்றன. முழு மாற்றத்துக்குக் காலம் பிடிக்கும். அதுவரை, நரம்புக் குழாயில் பொருந்தாத வாய்வழி ஊசிக் குழல்களை வார்டுகளுக்கு வழங்குவது உடனே செய்யத்தக்கது. குழந்தைகள் பிரிவே இதில் முதலிடம் பெற வேண்டும். அங்கே அளவுகள் அரை மில்லி லிட்டரிலும் கீழே செல்லும், சிறு பிழையும் பெரும் விகிதமாகும். தவறு நேரும்போது அறிவிப்பதற்கு அமைப்புகள் உள்ளன. மருந்தால் நேரும் தீங்குகளுக்கான தேசியக் கண்காணிப்புத் திட்டம் 2010-லும், மருத்துவச் சாதனங்களுக்கானது 2015-லும் தொடங்கின. அடைபட்ட குழாயையோ, பொடித்த மாத்திரையால் சரிந்த இரத்த அழுத்தத்தையோ அறிவிக்கத்தக்க நிகழ்ச்சியாக வார்டுகள் கருதுவது குறைவு. அடைத்த குழாய் பிடுங்கப்பட்டுப் புதியது போடப்படுகிறது. நிகழ்ச்சி அத்துடன் மறக்கப்படுகிறது.

கிடங்கில் முடிவாகும் பாதுகாப்பு

இவ்வளவும் கூறிய பின், நிர்வாகத்தினர் கவனிக்க வேண்டிய முக்கிய இடம் கொள்முதல் பட்டியலே. 2022-ல் வெளியிடப்பட்ட இன்றியமையா மருந்துகளின் தேசியப் பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன. மருந்தின் பெயரோடு அதன் வடிவமும் அங்குக் குறிக்கப்படுகிறது. ஃபெனிட்டாயினுக்கு மாத்திரையோடு வாய்வழித் திரவமும் இடம் பெற்றுள்ளது. ஆனால் பெரிய மருத்துவமனைகளுக்கான ஒப்பந்தப்புள்ளிகளில் மில்லிகிராமுக்கு எவ்வளவு விலை என்ற அளவுகோலால் மாத்திரையே முந்துகிறது. திரவம் எடை மிக்கது, புட்டி உடையும், திறந்தபின் விரைவில் காலாவதியாகும். கிடங்குக் கணக்கில் மாத்திரை மலிவு என்பதில் ஐயமில்லை. மாற்றிப் போட்ட குழாய், இடம் சரிபார்க்க எடுத்த எக்ஸ்ரே, அரைப்பதில் கழிந்த செவிலியர் நேரம், மருந்து ஏறாமல் வந்த வலிப்பு, கூடுதலாகத் தங்கிய நாள்கள் ஆகியவை வேறு வேறு கணக்குத் தலைப்புகளில் பதிவாகின்றன. எனவே மலிவான மாத்திரையின் உண்மை விலை எவர் கண்ணிலும் படுவதில்லை.

எல்லாப் படுக்கைகளுக்கும் திரவ மருந்து தேவையில்லை. குழாய் நோயாளிகள் வழக்கமாக எத்தனை பேர் என்பதை மூன்று மாதம் எண்ணினால், தேவைப்படும் பத்துப் பன்னிரண்டு திரவ அல்லது சிதறும் மாத்திரை வடிவங்களின் அளவைத் திட்டமிட முடியும். அவ்வாறு எண்ணுவதற்கு முதலில் ஒன்று வேண்டும்: மருந்துச் சீட்டிலும் வார்டின் தேவைப் பட்டியலிலும் ‘குழாய் வழி’ என்ற சொல் எழுதப்பட வேண்டும். இன்று பல சீட்டுகளில் ‘வாய்வழி’ என்றே எழுதப்பட்டு, குழாய் என்பது சொல்லாமலே விளங்கிக்கொள்ளப்படுகிறது. ‘குழாய் வழி’ என்று எழுதி வரும் சீட்டைக் கண்டதும், இது பொடிக்கத்தக்கதா என்று மருந்தாளுநர் பார்ப்பார். பொடிக்கலாகாதெனில் மருந்து வெளியேறும் முன்பே மருத்துவருக்குத் தெரிவிப்பார். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் அறிவித்த தீங்கற்ற மருந்தளிப்பு இயக்கமும், நம் நாட்டின் 2018 முதல் 2025 வரையிலான நோயாளிப் பாதுகாப்புச் செயல்திட்டமும் வகுத்த பெரிய நோக்கங்கள், ஒரு வார்டின் அளவில் இத்தகைய சிறு பதிவுகளாகவே உருப்பெற முடியும்.

வீட்டுக்குச் செல்லும் குழாய்

குழாய் மருத்துவமனையோடு நின்றுவிடுவதில்லை. பரேலில் 1941 முதல் இயங்கிவரும் டாட்டா நினைவு மருத்துவமனை போன்ற இடங்களில் வாய், தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரில் பலர் வாரக்கணக்கில் குழாயுடனே வீட்டிலிருக்க நேரிடுகிறது. பத்துக்குப் பத்து அடி அறையில் அறுவர் வாழும் தாராவிக் குடும்பத்தில் மருந்தைப் பொடிப்பவர் மனைவியோ, பள்ளி செல்லும் மகளோ. பொடிக்கும் கருவி சமையலறை அம்மி அல்லது பூரிக் கட்டை. வெளியேறும்போது தரப்படும் அட்டை ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டில் பேசுவது தமிழாகவோ, மராத்தியாகவோ, உருதுவாகவோ இருக்கும். அட்டையின் மொழியை மாற்றுவதோடு, முதல் மூன்று முறை உறவினரே வார்டில் செவிலியர் முன்னிலையில் மருந்தைச் செலுத்திப் பழகும்படி செய்தல் நலம். தாராவியிலேயே சயான் மருத்துவமனையின் நகர்ப்புற நலவாழ்வு மையம் உண்டு. வட்டாரத்தார் அதைச் ‘சோட்டா சயான்’ என்பர். அடைபட்ட குழாயுடன் இரவில் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுவதைவிட, பகலில் இம்மையத்தில் குழாயைச் சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு குடும்பத்துக்கும் மருத்துவமனைக்கும் சிக்கனம்.

வீட்டில் நேரும் தவறுகளுள் ஒன்று, மருந்து தீர்ந்தபின் தெருமுனைக் கடையில் வாங்கும்போது நிகழ்கிறது. அதே பெயர், அதே மில்லிகிராம். ஆனால் பெயரின் பின்னே எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர். என்ற எழுத்துகளுள் ஒன்று ஒட்டியிருக்கும். மெதுவாக மருந்தை வெளிவிடும் வகை என்பதற்கான குறி அது. வாங்குபவர் அதைக் கவனிப்பதில்லை. அட்டையின் மேற்புறம் பெரிய எழுத்தில் ‘இந்நோயாளிக்கு மூக்குக் குழாய் வழியே மருந்து’ என்று அச்சிட்டு, பொடிக்கக் கூடாத அவ்வெழுத்துகளையும் கீழே கொடுத்துவிட்டால், உறவினர் அதைக் கடையில் காட்டலாம். மருந்து வழங்கும்போது நோயாளிக்கு ஆலோசனை கூறுவதை 2015-ஆம் ஆண்டின் மருந்தாளுநர் தொழில் விதிமுறைகள் மருந்தாளுநரின் பணியாகவே வகுத்துள்ளன.